கம்பிக்குக் கீழே ஒரு வளவு

யாழ்ப்பாணத்துக் காணி உறுதியொன்றை எடுத்து வாசிக்கும் எவரும் அதன் நுணுக்கத்தைக் கண்டு வியவாதிரார். காணியின் பெயர், பரப்பு, நான்கு திக்கெல்லைகள் ஆகியவற்றைக் கூறியபின், அக்காணியோடு கூடிய சிறு உரித்துகளும் அங்கு நிரற்படுத்தப்பட்டிருக்கும். அயல்வளவிலுள்ள கிணற்றிலே பங்கு, அக்கிணற்றுக்குப் போய்வரும் வழி, தண்ணீர் ஓடும் வாய்க்கால், எல்லையில் நிற்கும் பயன்தரு மரம் என்பனவெல்லாம் நொத்தாரிசின் கண்ணுக்குத் தப்புவதில்லை. கிணற்றுப் பங்குக்காகவும் ஒடுங்கிய ஒழுங்கைக்காகவும் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஒரு சமுதாயம், எழுதப்படாத உரித்து எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதைத் தன் கைப்பொருளைச் செலவிட்டே கற்றுக்கொண்டது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், குறுகிய காலக் குத்தகை போன்ற சிலவற்றை நீக்கி, காணியைப் பாதிக்கும் உரித்துகள் யாவும் நொத்தாரிசின்முன் எழுத்திலே அமைய வேண்டுமென விதித்ததும் அத்தகைய கேட்டைத் தடுத்தற்பொருட்டேயாம்.

இத்துணைக் கவனத்தோடு எழுதப்பட்ட உறுதிக்குரிய வளவின்மேலே உயரழுத்த மின்கம்பித் தொடரொன்று செல்லுமாயின், அதனைப் பற்றி அவ்வுறுதியில் ஒரு வரியையேனும் காண்பது அரிது. கிணற்றுக்குப் போகும் நாலடிப் பாதைக்கு நாலு வரி. வளவு முழுவதையும் மூடிநிற்கும் கம்பிக்கோ மௌனம். அம்மௌனத்தின் கீழே வாழ்க்கைச் சேமிப்பு முழுவதையும் சீமெந்தாகவும் கல்லாகவும் மாற்றி வீடு கட்டத் தொடங்கும் ஒருவருக்கு, அத்திவாரம் வெட்டியபின்னரே அங்கு வீடு கட்டலாகாது என்ற செய்தி வந்து சேர்கின்றது. அவ்வாறு வந்து சேரும் செய்தி பிழையானதன்று என்பதே இவ்விடயத்தின் கொடுமை. தடை சரியானது, அதனை விதிக்கும் முறையும், அதற்கு விலை கொடாதொழியும் வழக்கமுமே அநீதியானவை. இவ்விரண்டையும் பிரித்தறியாத காரணத்தினாலேயே இது பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கூச்சலாக முடிந்துவிடுகின்றன.

முதலில் தடையின் நியாயத்தைக் கூறிவிடுதல் நன்று. வீட்டுக்குள் ஓடும் மின்கம்பிக்கு மேலே காப்புறை உண்டு. 132 அல்லது 220 கிலோவோற்று அழுத்தத்திலே மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் தொடர்களுக்கு அவ்வாறான உறை கிடையாது. கோபுரத்தில் தொங்கும் பீங்கான் அல்லது கண்ணாடிக் காவலிகளை நீக்கிப் பார்த்தால், அக்கம்பிக்கும் கீழேயுள்ள உலகுக்குமிடையே காப்பாக இருப்பது வெறுங்காற்று ஒன்றே. அக்காற்றிடைவெளி போதாதவிடத்து மின்சாரம் பாய்வதற்குக் கம்பியைத் தொடவேண்டிய அவசியமுமில்லை. அண்மையிற் சென்றாலே பாய்ந்துவிடும். மேலும், அவ்விடைவெளி நிலையானதன்று. கடும் வெயிலிலும், பெருஞ்சுமையை ஏற்றுச் செல்லும் வேளையிலும் கம்பி சூடாகி நீள்கின்றது. நீண்ட கம்பி தாழ்கின்றது. ஆகவே, காலையிலே பார்த்தபோது போதிய உயரத்திலிருந்த கம்பி மாலையில் அவ்வுயரத்திலே இராது. காற்று வீசும்போது அது பக்கவாட்டில் ஊசலாடும். கோபுரத்தின் கைகளது அகலத்தைவிட, கீழே ஒதுக்க வேண்டிய நிலத்தின் அகலம் பெரிதாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம். தகரக்கூரையிலே தூண்டப்படும் மின்னேற்றம், அறுந்து விழும் கம்பி, பழுதுபார்க்க வருவோருக்கும் அவர்களுடைய பொறிகளுக்கும் வேண்டிய இடம் ஆகியவற்றையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். மாங்காய் பறிக்கும் கொக்கத்தடி அலுமினியத்தால் ஆனதாயிருந்தால் என்ன நேருமென்பதை விளக்க வேண்டியதில்லை. மேல்மாடிக்கென நிமிர்த்தப்படும் இரும்புக்கம்பியும் அத்தகையதே. உண்மையில் 33 கிலோவோற்று, 11 கிலோவோற்றுத் தொடர்களே வீடுகளுக்கு மிக அண்மையாகச் செல்பவை; நிலத்தோடு அமைந்த வீட்டுக்கு எட்டாதிருந்த கம்பி, அதே வீட்டுக்கு மேல்மாடி எழும்போது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகின்றது.

எனவே, கம்பிக்குக் கீழே வீடு வைக்கலாம் எனச் சொல்லி மக்களிடம் கைதட்டல் பெறுபவர் அவர்களுடைய நண்பரல்லர். தேர்தல் காலத்திலே 'கட்டுங்கள், யார் வந்து கேட்பது?' என்று உற்சாகமூட்டியவர்கள், பின்னர் இடிக்கும் கட்டளை வரும்போது அவ்வூர்ப்பக்கம் தலைகாட்டுவதில்லை.

இனி, அத்தடை ஒரு குடும்பத்திடமிருந்து எடுத்துக்கொள்வது எவ்வளவு என்பதை அளந்து பார்க்கலாம். மின்சார சபை தீட்டிய கம்பித்தொடர்த் திட்டங்களில் 132 கிலோவோற்றுத் தொடருக்கு 27 மீற்றர் அகலமும், 220 கிலோவோற்றுத் தொடருக்கு 35 மீற்றர் அகலமும் கொண்ட நிலப்பட்டி வகுக்கப்பட்டது. வரைபடத்திலே இது மெல்லிய கோடு. யாழ்ப்பாணத்து அளவையிலே கணக்கிடும்போது அதன் தோற்றம் வேறாகின்றது. ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். அதாவது ஏறத்தாழ 253 சதுரமீற்றர். நாலு பரப்புக் கொண்ட சதுரமான வளவொன்றின் ஒரு பக்கம் ஏறத்தாழ 32 மீற்றர் நீளமுடையது. 27 மீற்றர்ப் பட்டி அதன் நடுவே சென்றால், இருமருங்கிலும் எஞ்சுவது இரண்டரை மீற்றருக்கும் குறைந்த இரண்டு கீற்றுகளே. அவற்றில் வேலியடைக்கலாம், வாழை வைக்கலாம், வீடு வைக்க இயலாது. இரண்டு பரப்பு வளவாயின் அதன் பக்கம் 22 மீற்றர் அளவினதே. அது முழுவதாக விழுங்கப்பட்டுவிடும். 220 கிலோவோற்றுத் தொடரின் பட்டியோ நாலு பரப்பு வளவையும் மீதமின்றி மூடிவிடும். ஒரு கிலோமீற்றர் நீளமுள்ள 132 கிலோவோற்றுத் தொடரின் கீழே அடங்கும் நிலம் 27,000 சதுரமீற்றர்; பரப்புக் கணக்கிலே ஏறக்குறைய 107 பரப்பு. நூறு ஏக்கர் தென்னந்தோட்டத்தின் உடைமையாளருக்கு அப்பட்டி ஓர் அசௌகரியம். மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுக்க இரண்டு பரப்பே உள்ள பெற்றோருக்கு அது வீடின்மை. இருவரையும் ஒரே சட்டம் ஒரே விதமாக நடத்துவதைச் சமத்துவம் என அழைப்பது பொருந்தாது.

'காணி உம்முடையதே, உறுதி உம்மிடமே இருக்கின்றது, அதன்மேல் ஒரு வழியை மாத்திரமே கேட்கின்றோம்' என்பது அதிகாரத்தரப்பின் வழமையான மறுமொழி. வழியுரிமை என்ற சொல்லே இம்மறுமொழிக்குத் துணைநிற்கின்றது. வழி கேட்பவர் நடந்து போய்விடுவார் என்பது உலக வழக்கு. இங்கு கேட்கப்படும் வழியோ இரவும் பகலும், அடுத்த தலைமுறையிலும், அதற்கடுத்த தலைமுறையிலும் விட்டுநீங்காத வழி. காணியொன்றின் பெயர் எஞ்சி, அதன் முதன்மையான பயன் போய்விடுமாயின், எஞ்சியது யாது? குடியிருப்பு நிலத்தின் பெறுமதி அதிலே குடியிருக்கலாம் என்பதிலேயே தங்கியுள்ளது. வீடு கட்டமுடியாத வளவை வாங்குவார் யாருமில்லை. ஈடாக ஏற்றுக் கடன் கொடுக்க வங்கியும் முன்வராது. ஆனால் அவ்வளவுக்குரிய வரியையும் துப்புரவு செய்யும் கடமையையும் உடைமையாளரே தொடர்ந்து சுமத்தல் வேண்டும். சுமை ஒருவரிடமும் பயன் வேறொருவரிடமும் இருக்கும் நிலையை உடைமை எனக் கூறுவது சொற்சிலம்பமேயன்றி வேறன்று.

இழப்பீடு கொடுக்கப்படுவதில்லையா எனச் சிலர் வினவலாம். கொடுக்கப்படுகின்றது. வெட்டப்படும் தென்னைக்கும் பலாவுக்கும், அழியும் பயிருக்கும், அகற்றப்படும் கட்டடத்துக்கும் கணக்குண்டு. கோபுரத்தின் கால்கள் ஊன்றும் இடத்துக்கும் கணக்குண்டு. கணக்கிலே இலகுவில் ஏறாதது இன்னும் கட்டப்படாத வீடு. நேற்று நட்ட தென்னம்பிள்ளைக்கு விலை மதிக்கத் தெரிந்த ஆட்சி, பத்தாண்டுகளாக ஒரு குடும்பம் சீட்டுப்பிடித்தும் நகை அடகுவைத்தும் கட்ட எண்ணியிருந்த வீட்டுக்கு விலை மதிக்க அறியாதிருப்பது விந்தையே. கண்ணுக்குத் தெரியும் பொருளை மாத்திரம் எண்ணும் கணக்கு இது. நிலத்தின் உரிமை என்பது பெரும்பாலும் நாளைக்குச் செய்யக்கூடியவற்றின் தொகுதி என்பதை இக்கணக்கு அறியாது.

சட்டத்தில் இதற்கு வழியில்லை எனக் கூறுதலும் பொருந்தாது. 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம், பொதுத் தேவைக்காக நிலத்தை மாத்திரமன்றி, நிலத்தின் மீதான பயன்பாட்டு உரித்தொன்றைத் தனியாகவும் அரசு எடுத்துக்கொள்ளலாமெனக் கூறுகின்றது. அச்சட்டத்தின்படி செல்லும்போது அறிவித்தலும், உரித்து விசாரணையும், சந்தைப் பெறுமதியை அடிப்படையாகக் கொண்ட இழப்பீடும், மேன்முறையீடும் உண்டு. ஆனால் மின்கம்பித் தொடர்கள் அவ்வழியாகச் செல்வதில்லை. 1950 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்சாரச் சட்டத்துக்குப் பின் 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. சட்டங்களின் இலக்கங்கள் மாறினும், கம்பித்தொடருக்கென நிருவாக வழியில் பெறும் தனியான வழியுரிமை என்னும் ஏற்பாடு நிலைத்தது. அதிகாரிகளுக்கு இவ்வழி விரைவானது, செலவு குறைந்தது. அவ்வாறு மிச்சமாகும் செலவு எங்கே போகின்றது? நாலு பரப்பு உடையவரின் தலையிலே.

இந்நாட்டின் பொதுச்சட்டமாகிய உரோமன்-டச்சுச் சட்டம் இவ்விடயத்திலே கூடிய நாகரிகத்தைக் காட்டியது. ஒருவர் காணியின்மீது அயற்காணிக்காரருக்குப் பாதையுரிமையோ நீருரிமையோ இருக்கலாம் என அது ஏற்றது. பத்தாண்டு இடையறாது பயன்படுத்தியதன் மூலம் அத்தகைய உரிமை உருவாவதை 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டமும் ஏற்றது. ஆயினும் அங்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. ஒரு காணியின் சுமை இன்னொரு காணியின் பயனுக்காகவே இருத்தல் வேண்டும். அச்சுமையைப் பயன்படுத்துபவர் சுமப்பவருக்கு இயன்றவரை குறைந்த துன்பத்தையே விளைவித்தல் வேண்டும். அயலவர் இருவர் ஒருவரையொருவர் நாளாந்தம் காண்பவர்கள். இன்று வழிவிட்டவர் நாளை தண்ணீர் கேட்பார். யாழ்ப்பாணத்து வழமையும் இத்தகைய அயலுறவை மதித்தது. 1707 இலே ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையின் வழிவந்த முற்கொள்வனவு உரிமை, 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலும் இடம்பெற்றது; பங்காளருக்கு அறிவியாமற் காணியைப் பிறருக்கு விற்றல் ஆகாதென்பது அதன் சாரம். விற்பதற்கே அறிவித்தல் வேண்டிய ஒரு மரபிலே, வீடு கட்டும் உரிமை அறிவித்தலின் நிழலும் பதிவின் தடமுமின்றி வாங்குபவரின் கையிலிருந்து நழுவிவிடுவது எத்துணை முரண்பாடு! கம்பித்தொடரிலே அயல் என்பதே இல்லை. சுமக்கும் காணி கிளிநொச்சியிலும், பயன்பெறும் விளக்கு நூறு மைல்களுக்கப்பாலும் இருக்கலாம். சுமப்பவர் முறையிட விரும்பினால் எதிரே நிற்பது ஒரு மனிதரன்று, ஒரு கோவை.

கோவை என்பதே இங்கு சிக்கலின் மையம் எனலாம். வழியுரிமைக்கான அறிவித்தல், விசாரணை, பிரதேச செயலாளரின் தீர்மானம் ஆகியன நிருவாகக் கோவைகளிலே நிகழ்பவை. காணி வாங்குவோரோ 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி அமைந்த காணிப்பதிவகத்தை நம்புபவர்கள். நொத்தாரிசு அங்குள்ள பதிவேட்டின் பக்கத்தைத் தேடி, ஈடு உண்டா, தடையுத்தரவு உண்டா, முந்திய விற்பனை உண்டா எனப் பார்த்து உறுதி முடிக்கின்றார். பிரதேச செயலகத்துக் கோவை அப்பக்கத்திலே தானாக வந்து ஏறுவதில்லை. பழைய கம்பித்தொடரானால் தலைநிமிர்ந்து பார்த்தேனும் அறியலாம். எனினும் கம்பி தெரிவது வேறு, பட்டியின் எல்லை தெரிவது வேறு. நிலத்தடியிலே செல்லும் குடிநீர்ப் பெருங்குழாயாயின் தலைநிமிர்ந்தும் பயனில்லை. இன்னும் எழுப்பப்படாமல், தீர்மானம் மாத்திரம் எடுக்கப்பட்ட தொடரானால் அண்ணாந்து பார்ப்பவருக்கு வானமே தெரியும்.

இந்த மறைவு தற்செயலானதன்று என்பதற்குப் பிரித்தானியாவின் 1989 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் சான்று பகர்கின்றது. அதன் நான்காம் அட்டவணையின்படி வழங்கப்படும் கட்டாய வழியுரிமை, காணி உரித்துகளைப் பதிவுசெய்ய வேண்டுமெனக் கூறும் எந்தச் சட்டத்துக்கும் உட்பட்டதன்று. ஆயினும் பின்னர் வரும் ஒவ்வோர் உடைமையாளரையும் குடியிருப்பாளரையும் அது கட்டுப்படுத்தும். பதிவு வேண்டாம், ஆனால் கட்டுப்படு என்பதே இதன் பொருள். சட்ட நூல்களிலே இத்துணை வெளிப்படையாக ஆணவத்தை எழுதிவைத்த பகுதிகள் அதிகமில்லை. குடியேற்ற ஆட்சி நீங்கிப் பல்லாண்டுகள் சென்ற பின்னரும் இலண்டன் சட்ட மாதிரிகளைத் தேடிச்செல்லும் பழக்கம் இலங்கையைவிட்டு நீங்கவில்லையாதலால் இதனைக் குறிப்பிடுதல் அவசியமாகின்றது.

இனி உள்ளூராட்சிச் சபைகளின் பங்கைக் கவனிக்கலாம். 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் கட்டடப் படங்களுக்கு அனுமதி வழங்கும் பொறுப்பை அவற்றிடம் ஒப்படைத்தது. அனுமதி கேட்டு வரும் படத்தைப் பார்ப்பவரிடம், எந்தக் காணியின்மேல் எந்தத் தொடர் செல்கின்றது என்பதைக் காட்டும் வரைபடம் இருத்தல் வேண்டுமென்பது எளிய எதிர்பார்ப்பு. அது இல்லாதவிடத்து ஓர் அலுவலகம் கட்ட அனுமதிக்கின்றது, அதே வீட்டுக்குச் சோலைவரி மதிக்கின்றது, ஆண்டுதோறும் அறவிடுகின்றது. மற்றோர் அலுவலகம் அதனைச் சட்டவிரோதமான கட்டடம் என்கின்றது. இரண்டும் அரசின் அங்கங்களே. வலக்கை வாங்கிய வரியை இடக்கை அறியாதிருக்கலாம். ஆனால் வீட்டை இழப்பவர் இரண்டு கைகளையும் நன்கறிவார். இத்தகைய நிலையிலே, 'தெரிந்தே கட்டினார்கள்' என மக்கள்மீது குற்றஞ்சுமத்துவோர் முதலில் தெரிவிக்கும் கடமை யாருடையது என்பதற்கு விடைகூறுதல் வேண்டும்.

பொதுநலம் என்ற வாதம் எஞ்சியுள்ளது. அது எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. 1950 இல் இலட்சபானவின் முதற்கட்டம் தொழிற்படத் தொடங்கியபோது, மலையகத்திலிருந்து கொலன்னாவை வரை கோபுரங்கள் அணிவகுத்திராவிட்டால் கொழும்பின் தொழிற்சாலைகள் இயங்கியிரா. 2013 இல் சுன்னாகம் மீண்டும் தேசிய மின்வலையோடு இணைக்கப்பட்டமையால் குடாநாடு பெற்ற நன்மையும் சிறிதன்று. தனித்தனி டீசல் இயந்திரங்களை நம்பி, மண்ணெண்ணெய் விளக்கிலே படித்த ஒரு தலைமுறைக்கு அதனை எடுத்துக்கூற வேண்டியதில்லை. மின்சாரம் வேண்டும், தொடர் வேண்டும், தொடருக்கு நிலமும் வேண்டும். இதனை மறுப்பார் யார்? பொதுநலத்துக்கான செலவைப் பொதுமக்கள் யாவரும் பகிர்தல் வேண்டும் என்பதே மறுதலை வாதம். ஒரு கிலோமீற்றர்த் தொடருக்கு வேண்டிய உருக்கின் விலையும், அலுமினியத்தின் விலையும், வெளிநாட்டு ஒப்பந்தகாரரின் இலாபமும் முழுமையாகக் கொடுக்கப்படுகின்றன. உருக்கு விற்பவரிடம் பொதுநலத்தின் பெயரால் இலவசம் கேட்பார் எவருமில்லை. நிலத்துக்கு வரும்போது மாத்திரம் பொதுநலம் என்ற சொல் பணப்பையை மூடிவிடுகின்றது. அதிலும், தியாகஞ் செய்பவர் யாரென நோக்குமிடத்து, மிகச் சிறிய காணியுடையவரும், காணியே இல்லாதவருமாகவே அவர்கள் பெரும்பாலும் காணப்படுவர். இலட்சபானத் தொடர்களைத் தலைக்குமேலே கண்டு வாழ்ந்த தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகள் பல பதிற்றாண்டுகளாக விளக்கின்றிக் கிடந்த வரலாறு பொதுநலம் எத்திசையில் ஓடியது என்பதைக் காட்டும்.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சொத்துரிமையை அடிப்படை உரிமையாகக் கூறவில்லை. நாட்டில் எங்கும் வதியும் சுதந்திரத்தை அது கூறுகின்றது. வதிவதற்குரிய காணியைப் பற்றி மௌனம் சாதிக்கின்றது. ஆகவே இவ்விடயத்தை நீதிமன்றத்தின் கருணைக்கு விட்டுவிடாது, சட்டமன்றத்திலேயே தீர்த்தல் அவசியம்.

பிறநாட்டு முயற்சிகள் இதற்கு உதவக்கூடும். இந்தியாவிலே 1885 ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் கம்பித்தொடருக்குப் பயன்பாட்டுரிமையை மாத்திரமே கொடுத்தது. இயன்றவரை குறைந்த சேதத்தையும் முழுமையான இழப்பீட்டையும் வற்புறுத்தியது. அவ்விதியே பின்னர் மின்தொடர்களுக்கும் பயன்பட்டது. கேரள மாநில மின்சார சபை சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் 2007 இலே தீர்ப்பளித்த இந்திய உயர்நீதிமன்றம், நிலத்தின் பெறுமதி குறைவதற்கான இழப்பீட்டை எண்ணும்போது தொடர் நிலத்தின் நடுவே செல்கின்றதா அல்லது சிறு பகுதியின்மேற் செல்கின்றதா என்பதை நோக்க வேண்டுமெனக் கூறியது. நாலு பரப்பு வளவுக்கும் நூறு ஏக்கர் தோட்டத்துக்குமுள்ள வேறுபாட்டை உணர்ந்த தீர்ப்பு அது. 2015 இல் இந்திய மத்திய அரசின் மின்சக்தி அமைச்சு வெளியிட்ட வழிகாட்டிகளில், கோபுர அடிநிலத்துக்கு நிலப் பெறுமதியின் 85 சதவீதமும், கம்பிக்குக் கீழுள்ள பட்டிக்கு ஆகக்கூடியது 15 சதவீதமும் விதந்துரைக்கப்பட்டன. 2024 இல் இவை முறையே 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டன. மாநிலந்தோறும் நடைமுறை வேறுபடும். விவசாயிகளின் எதிர்ப்பும் ஓயவில்லை. எனினும் கம்பிக்குக் கீழுள்ள வெறுநிலத்துக்கும் விலையுண்டு என்ற கொள்கை அங்கு ஏற்கப்பட்டுவிட்டது. 30 சதவீதம் போதுமா என்பது அடுத்த கேள்வி. வீடே கட்டமுடியாத இரண்டு பரப்புக்கு நூற்றுக்கு முப்பது கொடுப்பது, அதனை நூற்றுக்கு எழுபதுக்குப் பறிப்பதற்கு ஒப்பாகும். அத்தகைய வளவுகளை அரசு முழுவிலைக்கு வாங்கிக்கொள்ளுமாறு கேட்கும் உரிமை உடைமையாளருக்கு இருத்தல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் உயர்நீதிமன்றம் 1982 இலே லொரெற்றோ வழக்கில் இன்னும் ஒருபடி மேலே சென்றது. நியூயோர்க்கிலுள்ள மாடிக்கட்டடமொன்றின் கூரையிலே பொருத்தப்பட்ட, அரை அங்குலத்துக்கும் குறைந்த தடிப்புள்ள தொலைக்காட்சிக் கம்பியே அங்கு பிரச்சினை. நிரந்தரமாக இடத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள் எத்துணை சிறிதாயினும் அது சொத்தை எடுத்தலே. எடுத்தால் இழப்பீடு கொடுத்தல் வேண்டும் என நீதிமன்றம் தீர்த்தது. ஆணைக்குழு முன்னர் விதித்திருந்த தொகை ஒரு டொலர் என்பதை நோக்கின், முதலாளித்துவ நாட்டின் தாராளத்தைப் பற்றிப் பெரிதாக மகிழ வேண்டியதில்லை. அந்நாட்டில் போற்றத்தக்கது வேறொன்று. பயன்பாட்டு நிறுவனங்களின் உரித்துகள் அங்கு பெரும்பாலும் காணிப் பதிவேட்டிலும் மனைப் பிரிப்புப் படங்களிலும் குறிக்கப்பட்டிருக்கும். சக்கரத்தின்மீது கொண்டுவந்து நிறுத்தும் வீடாயினும், அதனை நிறுத்துவதற்கு முன் படத்தை விரித்துப் பார்க்கும் வாய்ப்பு வாங்குபவருக்கு உண்டு. பார்த்தபின்னும் பட்டிக்குள்ளே நிறுத்தினால் சொந்தச் செலவிலே அகற்ற வேண்டியதுதான். அதில் முறையிட ஒன்றுமில்லை.

இலங்கையில் இதனைச் செய்வதற்குப் பெரும் புலமை தேவையில்லை. வழியுரிமைத் தீர்மானம் ஒவ்வொன்றும் காணிப்பதிவகத்தில் அவ்வக்காணியின் பக்கத்திலே ஏறும்வரை அடுத்த கொள்வனவாளரைக் கட்டுப்படுத்தாது என ஒரு பிரிவைச் சட்டத்திலே சேர்த்தாற் போதும். பதிவுசெய்யும் அக்கறை அதிகாரிகளுக்குத் தானாகவே பிறந்துவிடும். 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின்கீழ் நிலங்கள் மீண்டும் அளக்கப்பட்ட இடங்களில், நில அளவையாளரின் படத்திலே பட்டியின் இருகரைகளையும் கோடிட்டுக் காட்டுவது சிறிதளவு மையின் செலவே. கிணற்றுப் பங்கை எழுதும் நொத்தாரிசு அடுத்த வரியிலே கம்பியையும் எழுதுவார்.

ஆனால் பதிவேட்டிலே பக்கமே இல்லாதவர்களுக்கு இவ்வேற்பாடும் உதவாது. வன்னியின் பெரும் நிலப்பகுதிகள் உறுதிக் காணிகளல்ல. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரத்தோடு குடும்பங்கள் உழுது குடியிருந்த காணிகள். 2009 இல் யுத்தம் முடிவுற்றபின் அக்குடும்பங்கள் முகாம்களிலிருந்து திரும்பிவந்து, தகரமும் தறப்பாளும் கொண்டு கொட்டகை அமைத்த ஆண்டுகளும், வடக்கை நோக்கி மின்கோபுரங்கள் எழுந்த ஆண்டுகளும் ஏறத்தாழ ஒன்றே. அனுமதிப்பத்திரம் எரிந்தோ தொலைந்தோ போனவர், எல்லைக்கல்லைக் காணாதவர், கணவனை இழந்து அவர் பெயரிலிருந்த பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்ற அலைபவர் ஆகியோரின் முன்னிலையிலே வழியுரிமை அறிவித்தல் வந்து நிற்குமாயின், உடைமையாளர் என்ற சொல் யாரைக் குறிக்கும்? காணி அரசினது, ஆகவே இழப்பீடு கேட்க உரித்தில்லை என்பது ஒரு விடை. கொட்டகை தற்காலிகமானது, ஆகவே அது வீடன்று என்பது இன்னொரு விடை. அத்தற்காலிகக் கொட்டகையிருந்த இடத்திலேதான் வீடமைப்புத் திட்டத்தின் கல்வீடு எழவேண்டியிருந்தது. கல்வீட்டுக்கான உதவிப்பணமோ காணியைக் காட்டினாலன்றிக் கிடைக்காதது. பட்டிக்குள் அகப்பட்ட அனுமதிக் காணிக்கு, அதே கிராமத்தில், அதே பாதையோரத்தில், அதே அளவான மாற்றுக் காணியைக் கோபுரத்தின் அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னரே பிரதேச செயலாளர் அளந்து கொடுத்தல் வேண்டுமென்ற விதி எந்தச் சட்டத்திலேனும் எழுதப்படும்வரை, அக்குடும்பங்களுக்குக் கம்பி தலைக்குமேலும் விண்ணப்பப்படிவம் கையிலுமாகவே இருக்கும்.